ஓடும் பெல்ட்டும் ஊகிக்கும் கடிகாரமும்

விடியற்காலையில் மெரினாக் கடற்கரைச் சாலையிலோ, கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலோ ஓடுகிறவர்களைச் சற்றே நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகப் புலப்படும். ஓட்டம் தொடங்குமுன் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அவர்கள், ஓட்டம் முடிந்து மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்து, அங்கே மின்னுகிற எண்களைக் கொண்டே அன்றைய ஓட்டம் நல்லதா கெட்டதா என்று நிர்ணயம் செய்துகொள்கிறார்கள். தூரம், வேகம், காலடிகளின் எண்ணிக்கை, நாடித் துடிப்பு, செலவான கலோரி, முந்தின இரவில் தூங்கிய தூக்கத்தின் தரம் முதலிய யாவற்றையும் சொல்லிவிடுகிற அந்தச் சிறிய கடிகாரத்தின்மீது அவர்களுக்குள்ள விசுவாசம் பெரிது. அதே மனிதர்களிடம் ஜிம்மில் உள்ள டிரெட்மில்லைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நின்ற இடத்திலே ஓடுவது ஓர் ஓட்டமா, பெல்ட்டே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்போது நமக்கு என்ன சிரமம், மழைக்கு ஒதுங்க வேண்டுமானால் அதில் ஏறிக்கொள்ளலாம் என்பார்கள்.

அளவுகருவிகளைச் சோதித்துச் சீர்செய்வதையே ஜீவனமாகக் கொண்ட ஓர் என்ஜினீயருக்கு, ஓடுவதிலும் ஓரளவு ஈடுபாடு இருக்குமானால், இந்த விசுவாசமும் இந்த அலட்சியமும் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் மற்றொன்று இருப்பதாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கடிகாரம் காட்டும் எண்களில் பெரும்பாலானவை ஊகங்கள். டிரெட்மில்லோ, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருக்குமானால், நம் சரீரத்தின்மீது இவ்வளவு பாரம் ஏற்றப்படுகிறது என்பதைத் திட்டமாகச் சொல்லக்கூடிய அபூர்வமான யந்திரங்களில் ஒன்று. ஆகவே ஓட்டக்காரர் தம்முடைய முன்னேற்றத்தை அறிய விரும்பினால், கடிகாரத்தைச் சந்தேகிக்கவும் டிரெட்மில்லை மதிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நம் தர்க்க சாஸ்திரிகள், புலன்களால் நேரே அறிவதைப் பிரத்தியட்சம் என்றும், ஒன்றைக் கண்டு அதனோடு பிரியாமல் சேர்ந்திருக்கும் மற்றொன்றை அறிவதை அனுமானம் என்றும் வகுத்து, மலையின்மேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று அறிவதை அனுமானத்துக்கு உதாரணமாகச் சொன்னார்கள். அனுமானம் தாழ்ந்தது என்று அவர்கள் கருதவில்லை. ஆனால் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள சம்பந்தம் எங்கும் எப்போதும் தவறாதது என்று உறுதிப்படாதவரையில் அதை நம்பலாகாது என்று வற்புறுத்தினார்கள். கருவிகளைப் பரிசோதிக்கிறவன் செய்யும் காரியமும் ஏறக்குறைய இதுவே. ஒரு கருவி ஓர் எண்ணைக் காட்டினால், அது எதைத் தொட்டு அறிந்தது, எதைக் கணக்குப் போட்டு ஊகித்தது, அந்தக் கணக்கு எந்த எல்லைவரையில் செல்லும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

முதலில் டிரெட்மில்லை எடுத்துக்கொள்வோம். அதன் பூர்வீகம் அவ்வளவு கௌரவமானதன்று. 1818-ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற என்ஜினீயர், சிறையில் கைதிகள் வேலையின்றி இருப்பதைக் கண்டு, அவர்கள் வரிசையாக நின்று முடிவில்லாத படிகளில் ஏறுவதுபோல மிதித்துச் சுழற்றவேண்டிய ஒரு பெரிய உருளையை வகுத்துக் கொடுத்தார். லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவப்பட்ட சக்கரம் தானியம் அரைக்க உதவிற்று. வேறு சில சிறைகளிலோ எந்தப் பிரயோஜனமும் இன்றிக் காற்றை அறைந்துகொண்டு சுற்றிற்று. அந்த நூற்றாண்டு முடிந்ததை ஒட்டி அத்தண்டனையும் மறைந்தது. பிறகு 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் என்ற இருதய வைத்தியரும் வேய்ன் குயின்டன் என்ற கருவி நிபுணரும், நோயாளியை நடக்கவைத்தபடியே அவருடைய இருதயத்தின் நிலையை ஆராய்வதற்கென்று மோட்டாரால் ஓடும் பெல்ட் ஒன்றை உருவாக்கினார்கள். இன்று நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனை இவ்விதம் பிறந்தது. புரூஸ் வகுத்த முறைப்படி, முதல் மூன்று நிமிஷம் 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். அதற்குப்பின், 1968-இல் வெளிவந்த கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற இயந்திரப் பொறியாளர், வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க மலிவான யந்திரம் ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இந்தச் சரித்திரத்தில் நம் கவனத்துக்கு உரியது புரூஸின் தேர்வு. நோயாளியை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடச் சொல்லி அவர் சோதித்திருக்கலாம். ஆயினும், ஒருவன் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு ஏற்றத்தில் எவ்வளவு நேரம் செல்கிறான் என்பதை வைத்தியர் தம் கையிலே வைத்துக்கொண்டாலன்றி, இருதயம் காட்டும் மாறுதலுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதை உணர்ந்தே அவர் பெல்ட்டை நாடினார். எது மாறவேண்டுமோ அதைமட்டும் மாறவிட்டு மற்றவற்றை அசையாமல் பிடித்துவைப்பது விஞ்ஞானப் பரிசோதனையின் அடிப்படை. காற்று, வெயில், மேடு பள்ளம், குறுக்கே வரும் ஆட்டோ ஆகிய இத்தனையும் கலந்திருக்கும் தெருவில் அது சாத்தியமில்லை.

‘பெல்ட் காலை இழுக்கிறது, ஆகவே சிரமம் குறைவு’ என்ற ஆக்ஷேபணை எங்கும் கேட்கப்படுவது. ஆனால் பௌதிக சாஸ்திரத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. சீரான வேகத்தில் அமைதியான கடலில் செல்லும் கப்பலின் கீழ்த்தட்டு அறைக்குள் இருப்பவன், அங்கே நடக்கும் எந்தப் பரிசோதனையைக் கொண்டும் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க இயலாது என்று கலிலியோ 1632-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பெல்ட் ஒரே வேகத்தில் ஓடும்வரையில், அதன்மீது ஓடுகிறவனுக்கு அதுவே பூமி. அவன் கால் அதை உந்தும் விதத்திலும், உடல் எழும்பி இறங்கும் விதத்திலும், தசைநார்கள் செலவிடும் சக்தியிலும், தரையில் ஓடுவதற்கும் இதற்கும் தத்துவ ரீதியாக வித்தியாசம் கிடையாது. பெல்ட் உண்மையாகவே அவனை இழுத்துக்கொண்டு போகுமானால், அவன் பின்பக்கமாகக் கீழே விழுந்திருப்பான். விழாமல் அதே இடத்தில் நிற்கிறான் என்பதே அவன் பெல்ட்டின் வேகத்துக்குச் சமமான வேகத்தில் ஓடுகிறான் என்பதற்குச் சான்று.

நிஜமான வித்தியாசம் காற்றில் இருக்கிறது. தெருவில் ஓடுகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். ஜிம்மில் அந்தத் தடை இல்லை. அந்தத் தடையை வெல்ல வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறபடியால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தர உடலமைப்புள்ளவனுக்குச் சுமார் 6 வாட்டாக இருப்பது, 20 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மடங்காகி 50 வாட்டை எட்டிவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெல்ட்டுக்கு 1 சதவீத ஏற்றம் கொடுத்தால் அது வெளியோட்டத்தின் காற்றுத் தடையை ஈடுசெய்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் சோதித்தவை மணிக்குப் பத்தரை முதல் 18 கிலோமீட்டர்வரையுள்ள வேகங்கள். நம்மில் பெரும்பாலோர் ஜிம்மில் ஓடும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை அற்பமானது. ஏற்றம் கொடுக்காமல் ஓடினோமே என்று வருந்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஏற்றத்தைப் பற்றி ஒரு விசித்திரமான உண்மை உண்டு. 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடப்பவன், ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் ஏறியதற்குச் சமமான வேலையைச் செய்கிறான்; ஆனால் அவன் தலை கூரைக்கு ஓர் அங்குலமும் நெருங்கவில்லை. அந்த வேலை எங்கே போயிற்று என்று கேட்கலாம். அவன் உடலின் பாரம் சாய்ந்த பெல்ட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. மோட்டார் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை அவன் கால்களே செய்துவிடுகின்றன. 70 கிலோ எடையுள்ளவரானால், அவர் பெல்ட்டுக்கு அளிக்கும் திறன் சுமார் 115 வாட். கியூபிட்டின் கைதி பலவந்தத்தின்பேரில் செய்ததையே நாம் மாதச் சந்தா கட்டி மனமுவந்து செய்கிறோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரலாம். எனினும், செய்த வேலை உண்மையானது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அதே ஏற்றத்தில், முன்னே உள்ள கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உடலைப் பின்னுக்குச் சாய்த்து நடப்பவர்களை எந்த ஜிம்மிலும் காணலாம். சாய்ந்த உடல் சாய்ந்த பெல்ட்டுக்குச் செங்குத்தாக அமைந்துவிடுகிறபடியால் ஏற்றமே பாதி இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. சரீர பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்கின்றன. திரையோ, வேகத்தையும் ஏற்றத்தையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடுவதால், கைகள் செய்யும் இந்தச் சலுகையை அறியாமல் கலோரிகளைத் தாராளமாக எண்ணிக்கொண்டே போகும். ஏற்றத்தைக் குறைத்துக் கைகளை வீசி நடப்பது இதைவிட எவ்வளவோ மேலானது.

டிரெட்மில் தெருவுக்கு முழு ஈடாகும் என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் இறக்கம் உண்டு, திருப்பம் உண்டு, கல்லும் குழியும் உண்டு. அவற்றுக்குப் பழகாத கணுக்கால் போட்டி நாளில் தடுமாறும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நம் கடற்கரை நகரங்களின் ஈரக் காற்றில், மின்விசிறியும் இல்லாமல் பெல்ட்டின்மீது ஓடினால், வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாவதும், அதே வேகத்தில் நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போவதும் நிச்சயம். எனினும் பெல்ட்டின்மீதே பெரும்பாலும் பயின்றவர் வெளியே வெல்ல முடியாது என்பதும் பொய். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் நோய்க்குறியியல் வைத்தியராக இருந்த கிறிஸ்டின் கிளார்க், அங்குள்ள பனிக்காலத்தின் கொடுமையால் வீட்டுக்குள் டிரெட்மில்லில் ஓடிப் பயின்று, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் 2 மணி 33 நிமிஷம் 31 விநாடியில் முதலாவதாக வந்தார். அன்று அங்கே நிலவிய வெப்பம் பலரை வாட்டியது. மூடிய அறையின் வெதுவெதுப்பில் பயின்றிருந்தவருக்கு அதுவே அனுகூலமாயிற்று.

யந்திரம் நல்லதாக இருக்கவேண்டும் என்றேன். நம் கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் டிரெட்மில்கள்மேல் ‘6 ஹெச்.பி.’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அருகே ‘பீக்’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆறு குதிரைத்திறன் 4,476 வாட். நம் வீட்டுச் சுவரில் உள்ள பெரிய பிளக்கோ, 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று கொண்டால், 3,680 வாட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியதன்று. சுவர் கொடுக்காத சக்தியை மோட்டார் நீடித்து எங்கிருந்து கொடுக்கும்? ஒருகணம் எழுந்து அடங்கும் உச்சத் திறனைச் சொல்லி விற்பது தந்திரம். விடாமல் ஓடும்போது அது தரவல்ல தொடர்திறன் எவ்வளவு என்பதே வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி. ஏனெனில், ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் பெல்ட் கணநேரம் தயங்குகிறது. திறன் குறைந்த மோட்டாரும், எண்ணெய் வறண்ட பலகையும், தளர்ந்த பெல்ட்டும் சேர்ந்தால் அந்தத் தயக்கம் அதிகமாகி, திரையில் 9 என்று காட்டும் யந்திரம் உண்மையில் 8-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பெல்ட்டின் முழுச் சுற்றளவை ஒரு நாடாவால் அளந்துகொண்டு, ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒருவர் மேலே ஓடும்போதே மற்றொருவர் அந்தக் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். பெல்ட் 3 மீட்டர் நீளமானால், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் 50 சுற்றுகள் சரியாக 60 விநாடியில் முடியவேண்டும். 63 விநாடி ஆனால், யந்திரம் ஏறக்குறைய 5 சதவீதம் பொய் சொல்கிறது என்று அர்த்தம். பொய்யின் அளவு தெரிந்துவிட்டால் அந்த யந்திரத்தோடு குடித்தனம் நடத்தலாம். இன்னும் கொஞ்சம் சிலிகான் எண்ணெய் விட்டால் பொய்யும் குறையும்.

இனிக் கடிகாரம். அது தூரத்தை அறிவது வானத்திலிருந்து. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு அது தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. ஒளி ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர் செல்லும் என்றால், அந்தக் கணிப்பின் சூட்சுமத்தை ஊகித்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அதன் பிறகே, 2003-இல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் போன்ற கருவிகள் ஓட்டக்காரர்களின் கைக்கு வந்தன. இது மானிட புத்தியின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை சகஜம். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் மெட்ரோ பாலத்தின் அடியிலும், சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்பி வருகிறபடியால், பிழை இன்னும் பெருகும்.

அந்தப் பிழையின் சுபாவம் கவனிக்கத்தக்கது. நேராக ஓடுகிறவனின் பாதையைக் கடிகாரம் இங்குமங்கும் தள்ளாடும் புள்ளிகளாகப் பதிவதால், புள்ளிகளை இணைக்கும் கோடு நேர்க்கோட்டைவிட நீண்டுபோகிறது. வளைவில் ஓடும்போதோ, புள்ளிகளுக்கு இடைப்பட்ட வளைவு அறுபட்டு நேராகிவிடுவதால், தூரம் குறைந்துபோகிறது. இரண்டும் ஒன்றையொன்று எப்போதும் சரிக்கட்டிவிடும் என்பதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை. 400 மீட்டர் மைதானத்தில் பத்துச் சுற்று ஓடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் 4 கிலோமீட்டர் என்ற எண்ணை அது காட்டாது. அங்கே பிழைபட்டது மைதானம் அன்று.

ஜிம்முக்குள் துணைக்கோள் எட்டாது. ஆகவே கடிகாரம் தன் வயிற்றில் உள்ள முடுக்கமானி என்ற நுண்ணிய சிலிக்கான் கருவியைக் கொண்டு கைவீச்சை உணர்ந்து, கைவீச்சிலிருந்து காலடியை ஊகித்து, காலடியின் நீளத்தைப் பழைய வழக்கத்திலிருந்து ஊகித்து, இரண்டையும் பெருக்கித் தூரத்தைச் சொல்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், காலடியே நிகழவில்லை என்று அது முடிவுசெய்துவிடக்கூடும். பெல்ட்டின் உருளை எத்தனை முறை சுற்றிற்று என்பதை யந்திரம் நேரே எண்ணிச் சொல்லும்போது, அதன் கூற்றைத் தள்ளிவிட்டுக் கைவீச்சைக் கேட்டறிந்த கடிகாரத்தை நம்புகிறவர்கள், பிரத்தியட்சத்தை விட்டு அனுமானத்தின்மேல் அனுமானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். தினம் 10,000 காலடி என்ற இலக்கும் வைத்திய சாஸ்திரத்திலிருந்து இறங்கியதன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவிய எண் அது.

நாடித் துடிப்பின் கதி சற்று மேல். 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம் வெளியிட்ட கம்பியில்லாக் கருவி, மார்பில் கட்டிய பட்டையின் வழியாக இருதயத்தின் மின்துடிப்பையே நேராக உணர்ந்தது. இன்றைக்கும் ஓட்டக்காரருக்கு அதைவிட நம்பகமான முறை கிடையாது. மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, இரத்தம் பாயும்போது அந்த ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்பதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அது நன்றாகவே எண்ணும். ஓடும்போதோ, கையின் ஆட்டமும் இரத்தத்தின் ஆட்டமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஓட்டக்காரர்களின் காலடி நிமிஷத்துக்கு 160 முதல் 180வரை இருப்பதாலும், சிரமமான ஓட்டத்தில் துடிப்பும் அந்த எல்லையிலேயே இருக்கக்கூடும் என்பதாலும், கடிகாரம் காலடியை எண்ணிவிட்டு அதையே துடிப்பு என்று காட்டிவிடுவது உண்டு. நிதானமாக ஓடும்போது துடிப்பு 175 என்று கண்டு பயப்படுகிறவர்கள், மருத்துவரைத் தேடுமுன் ஒருகணம் நின்று, விரலை நாடியில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் துடிப்பை வைத்துக்கொண்டு கடிகாரம் வகுக்கும் மண்டலங்கள் இன்னும் தளர்ந்த அஸ்திவாரத்தின்மீது நிற்கின்றன. 220-லிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது ஒருவரின் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம், 1971-ஆம் ஆண்டில் ஃபாக்ஸ், ஹாஸ்கல் முதலியவர்கள் அதுவரை கிடைத்திருந்த விவரங்களின்மீது உத்தேசமாக இழுத்த ஒரு கோட்டிலிருந்து வந்தது. ஒரே வயதினருக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம். சூத்திரப்படி 180 என்று கிடைக்கும் நாற்பது வயதுக்காரர்களில், உண்மையில் 165-லேயே நின்றுவிடுபவரும் உண்டு, 195-ஐத் தொடுபவரும் உண்டு. இவ்விருவருக்கும் ஒரே மண்டலத்தை வகுத்துக்கொடுத்து, ‘இது கொழுப்பைக் கரைக்கும் வேகம்’ என்று சிபாரிசு செய்யும் கடிகாரம் ஒருவரை வருத்துகிறது, மற்றவரைச் சோம்பவைக்கிறது.

கலோரியோ ஊகங்களின் சிகரம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. சக்திச் செலவிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம் தவறியது. டிரெட்மில்லின் கலோரிக் கணக்கும் இந்தக் குற்றத்திலிருந்து முற்றிலும் தப்பியதன்று. எடையைப் பதியாமல் ஓடினால், அது யாரோ ஒரு சராசரி மனிதனின் கலோரியையே சொல்லும். இதற்கெல்லாம் பதிலாக, ஓடுகிறவர் தம் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கலோரி செலவிடுகிறார், வேகம் எதுவானாலும் இது அதிகமாக மாறுவதில்லை என்ற எளிய விதியை மனத்தில் வைத்தால் போதும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கிலோ கலோரி. 100 கிராம் அரிசியில் உள்ளதைவிடக் குறைவு. கடிகாரம் 500 என்று காட்டுவதை நம்பி ஓட்டலுக்குள் நுழைகிறவர் எடை ஏன் குறையவில்லை என்று பிறகு ஆச்சரியப்பட நியாயமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? நான் சிபாரிசு செய்வது புரூஸின் விவேகத்தை நம் அளவுக்குச் சுருக்கிக்கொள்வதே. மாதத்துக்கு ஒருமுறை, அதே டிரெட்மில்லில், அதே நேரத்தில், விசிறியைப் போட்டுக்கொண்டு, சௌகரியமான ஒரே வேகத்தையும் ஒரே ஏற்றத்தையும் வைத்து, கைப்பிடியைத் தொடாமல் இருபது நிமிஷம் ஓடி, இறுதியில் நாடித் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்புப் பட்டை இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் விரலும் விநாடி முள்ளும் போதும். அதனுடன், பட்ட சிரமம் எவ்வளவு என்பதையும் ஓர் எண்ணால் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்வீடன் தேசத்து உளவியலாளர் குன்னர் போர்க், சிரமமே இல்லாத நிலையை 6 என்றும், இதற்குமேல் இயலாது என்ற நிலையை 20 என்றும் வைத்து ஓர் அளவுகோல் வகுத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளைஞரின் நாடித் துடிப்பை ஏறக்குறைய ஒட்டிவரும்படி அதை அமைத்திருந்தார். பாரம் மாறாதிருக்க, துடிப்பும் சிரமமும் மாதந்தோறும் இறங்கிவந்தால், சரீரம் தேறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. இறங்காமல் ஏறினால், தூக்கமோ உணவோ உடல்நலமோ சரியில்லை என்று அறிந்து அன்று ஓய்வெடுத்துக்கொள்ளலாம். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ கண்டால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும்.

வீட்டில் டிரெட்மில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் பெல்ட்டின் பின்முனை குழந்தையின் கையை உள்ளிழுக்க வல்லது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்ததையும் பலருக்குக் காயம் ஏற்பட்டதையும் அடுத்து, பெலோட்டன் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் யந்திரங்களைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, இது தனி மனிதரின் விவேகத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, காய்கறிக் கடைத் தராசுக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஆட்டோ மீட்டருக்கும் அரசாங்க முத்திரை வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிக்கும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும்கூட விதிமுறைகள் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான ஜனங்கள் தங்கள் இருதயத்தைப் பற்றியும் ஆகாரத்தைப் பற்றியும் தினந்தோறும் கலந்தாலோசிக்கும் கடிகாரம், ‘இது மருத்துவக் கருவி அல்ல’ என்ற ஒரு வரியைக் கையேட்டின் மூலையில் அச்சிட்டுவிட்டு, எந்தப் பிழைக்கும் பொறுப்பேற்காமல் தப்பிவிடுகிறது. துடிப்பை 152 என்று ஒற்றை எண்ணாகக் காட்டாமல், கருவிக்கே சந்தேகம் இருக்கும் வேளையில் அந்தச் சந்தேகத்தையும் திரையிலே காட்டும்படி செய்வது தொழில் நுணுக்கத்துக்கு எட்டாததன்று. கலோரியை ஒரு வீச்சாகச் சொல்வதும் அப்படியே. டிரெட்மில்லின்மேல் உச்சத் திறனுக்குப் பதிலாகத் தொடர்திறனும் வேகத்தின் பிழையெல்லையும் பொறிக்கப்பட வேண்டும். ஜிம் நடத்துகிறவர்கள், தங்கள் யந்திரங்களின் வேகம் கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பதை அதன் பக்கத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கடிகாரமோ டிரெட்மில்லோ வாங்கப் போகிறவர்கள், அது எத்தனை விஷயங்களை அளக்கும் என்று விசாரிப்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றிலும் எவ்வளவு தவறும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். அதற்கு நேர்மையாக விடைசொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.